மார்ச் மேட்னஸ்: பெரிய பல்கலைக்கழகங்கள் சின்ன அணிகளிடம் ஏன் தோற்கின்றன?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் நடக்கும், ‘மார்ச் மேட்னஸ்’ என்று அழைக்கப்படும் என்.சி.ஏ.ஏ. தொடர் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இவ்வளவு அதிர்ச்சித் தோல்விகள் கிடையாது. கல்லூரியில் மட்டும் ஏன்?

என்.பி.ஏ. பிளேஆஃபில் ஒரு சுற்றைக் கடக்க நான்கு ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். கல்லூரியில் 68 அணிகள். ஒரு தோல்வியோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆட்டமும் சின்னது: அங்கே 48 நிமிடம், இங்கே 40. ஷாட் கிளாக், அதாவது பந்தைக் கூடைக்கு எறிய அணிக்குள்ள கெடு, அங்கே 24 விநாடி, ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 30. ஆகவே பந்து கைக்கு வரும் வாய்ப்புகளும் குறைவு. டெஸ்டில் ஜெயிக்க முடியாத அணி டி20-யில் ஒரு நாள் கவிழ்த்துவிடுகிறதே, அதே கணக்கு. ஆட்டம் நீள நீளத்தான் திறமையின் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அப்படியென்றால் சின்ன அணி வேண்டுமென்றே மெதுவாக ஆடலாமா?

ஆடுகிறார்கள். 1996-இல் நடப்புச் சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை பிரின்ஸ்டன் 43-41 என்று வீழ்த்தியது. ஸ்கோரைப் பார்த்தாலே ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று புரியும்.

கேள்வி: 2018-இல் வர்ஜீனியாவுக்கு என்னதான் ஆச்சு அண்ணா?

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இது. ஒவ்வொரு மண்டலத்திலும் அணிகளை 1 முதல் 16 வரை வரிசைப்படுத்தி, முதல் சுற்றில் 1-ஐ 16-உடன் மோத விடுவார்கள். ஆண்கள் தொடரில் அதுவரை 16-ம் நிலை அணி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை; 135 ஆட்டங்கள், 135 தோல்விகள். அடுத்த ஆட்டத்தில் 16-ம் நிலை மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம், முதல் நிலை வர்ஜீனியாவை 74-54 என்று ஜெயித்தது. இருபது புள்ளி வித்தியாசம்!

வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டுக் காயத்தால் ஆடவில்லை. அது ஒரு காரணம்தான். என் கணக்கில் பெரிய காரணம் வர்ஜீனியாவின் பாணி. தற்காப்பை நம்பி, மிக மெதுவாக ஆடும் அணி அது. பலவீனமான அணி செய்ய வேண்டிய வேலையை பலமான அணியே செய்து கொடுத்தது. முதல் பாதி 21-21. எதிரணி முன்னிலை பெற்று விலகிப் போனதும் வேகத்தைக் கூட்டி மீள அவர்களுக்குப் பழக்கமில்லை. பால்டிமோர்க்காரர்கள் 24 மூன்று புள்ளி வீச்சில் 12 போட்டார்கள். வர்ஜீனியா 22-இல் 4. கதை முடிந்தது.

கேள்வி: பெண்கள் தொடரில் இப்படி நடந்திருக்கிறதா?

வர்ஜீனியா தோல்விக்கு இருபது ஆண்டு முன்பே நடந்துவிட்டது. 1998-இல் 16-ம் நிலை ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என வென்றது. ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகளுக்குக் காயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: உயரம் முக்கியமில்லையா?

முக்கியம்தான். ஆனால் உயரமானவர் கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டுமே! 2023-இல் பர்டியூவிடம் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி இருந்தார். எதிரே கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் டிவிஷனிலேயே மிகக் குட்டையான அணியான ஃபேர்லி டிக்கின்சன். ஆளைச் சூழ்ந்துகொண்டு, பந்தைக் கொண்டுவருபவர்களை விடாமல் நெருக்கினார்கள். ஈடி 21 புள்ளி எடுத்தும் பர்டியூ 58-63 என்று தோற்றது. வெளியிலிருந்து எறிந்த 26 மூன்று புள்ளி வீச்சில் 5 மட்டுமே விழுந்தன. பிரின்ஸ்டன் போல ஆட்டத்தை உறைய வைக்காமல், கலைத்துப் போட்டே ஜெயித்தார்கள். இதுவும் ஒரு வழி.

கேள்வி: கென்டகியில் வருங்கால என்.பி.ஏ. வீரர்கள்தானே நிறைய? அவர்கள் ஏன் சறுக்குகிறார்கள்?

வருங்காலம் என்பதுதான் பிரச்சினை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள். ஒரு வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். 2024-இல் அவர்களை 80-76 என வென்ற ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி, இரண்டாம் டிவிஷனில் பல வருடம் ஆடிவிட்டு வந்தவர். அன்று 10 மூன்று புள்ளி வீச்சுகள் போட்டார், மொத்தம் 32 புள்ளிகள். தோற்ற அணியின் ரீட் ஷெப்பர்டை சில மாதங்களில் என்.பி.ஏ. மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. திறமை கென்டகியிடம்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு இரவுக்கு 24 வயது ஆளின் நிதானம் போதும்.

கேள்வி: இப்போது வீரர்களுக்குப் பணம் வருகிறதே, இதெல்லாம் இனி நடக்குமா?

குறையும் என்றே நினைக்கிறேன். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். அணி மாறுவதும் சுலபமாகிவிட்டது. சின்ன அணியில் ஒருவர் மின்னினால், அடுத்த வருடம் பெரிய இடம் கொத்திக்கொண்டு போகிறது. கோச்சையும் விடுவதில்லை. 2022-இல் 15-ம் நிலையிலிருந்து கால் இறுதி வரை போன செயின்ட் பீட்டர்ஸின் ஷாஹீன் ஹாலோவே உடனே சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். 2025-இல் அரையிறுதிக்கு வந்த நான்கும் முதல் நிலை அணிகள். அதே வருடம் சின்ன அணியான மெக்நீஸ், பெரிய அணியான கிளெம்சனை 69-67 என்று முதல் சுற்றிலேயே ஊருக்கு அனுப்பி வைத்ததும் நடந்தது. ஆக, முதல் வார அதிர்ச்சிகள் இருக்கும். அதைத் தாண்டிப் போவது கடினம்.

கேள்வி: யார் கவிழ்ப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

சின்ன அணி நிறைய மூன்று புள்ளி எறிகிறதா, பந்தைத் தொலைக்காமல் ஆடுகிறதா, வீரர்கள் மூன்றாம் நான்காம் வருடமா என்று பாருங்கள். அப்புறம் பெரிய அணியின் பெஞ்ச், அதாவது மாற்று வீரர்கள். நட்சத்திரம் சீக்கிரமே ஃபவுல் வாங்கி உட்கார்ந்தால் உள்ளே இறக்க ஆள் இல்லாத அணிமேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.