யாருடைய விரலில் அளந்தார்கள்? வடசென்னை வாசகர்களின் அறிவியல் கேள்விகள்

பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டேன்; ஊர் மட்டும் இருக்கிறது. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். அறிவியல் என்ற போர்வையில் வந்த அரசியல் கேள்விகளை வழக்கம்போல் ஓரங்கட்டியாயிற்று.

கேள்வி: எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாரிமுனையில் என் மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டுகிறது. ஆக்சிஜன் அளவும் காட்டுகிறது. இனி விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம்தானே?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: குத்தித்தான் ஆகவேண்டும் அம்மா. மகனின் அன்பில் குறையில்லை, கடிகாரத்தில்தான் குறை. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட ஒரு கருவிக்கும் அதுவரை அது அனுமதி கொடுத்திருக்கவில்லை.

ஆக்சிஜனை ஒளியால் அளக்க முடிகிறதே, சர்க்கரையை ஏன் முடியாது? ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பளிச்சென்று சிவந்திருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்டால் கருஞ்சிவப்பாகிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. குளுக்கோஸுக்கு நிறமே கிடையாது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் அது இருப்பதே 100 மில்லிகிராம் அளவுதான். அகச்சிவப்பில் அது காட்டும் மெல்லிய அடையாளத்தை உடம்பிலுள்ள தண்ணீரும் கொழுப்பும் மூடிவிடுகின்றன. உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குப் பிடிபடாதது நடைபாதைக் கடைக்கு வந்துவிட்டது என்றால் நம்புவதற்கில்லை. சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால், வெறும் வயிற்றில் ஒரு முறையும், இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், விரல் குத்தும் கருவியின் எண்ணையும் கடிகாரத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடிகாரத்தை நம்பி மாத்திரை அளவையோ இன்சுலின் அளவையோ மாற்றிவிடாதீர்கள்.

கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் வில்லை போன்ற கருவி வேறு. அதில் மயிரிழை போன்ற ஒரு முனை தோலுக்குள் போகிறது. அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அதனால் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே எண் வரும். விலையும் அதிகம். ஆனால் அது உண்மையான கருவி.

ஆக்சிஜன் பற்றியும் ஒரு வார்த்தை. கடிகாரத்தை விடுங்கள், மருத்துவமனை ஆக்ஸிமீட்டரே எல்லார் விரலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால் வரும் பிழை இது. பல தோல் நிறங்களில் சோதித்துக் காட்டவேண்டும் என்று அமெரிக்காவில் வரைவு விதிகள் வந்ததே 2025 ஜனவரியில்தான். நம் ஊரில் எத்தனை பேர் வெளுத்த தோலோடு இருக்கிறோம்? கருவி 94 காட்டினாலும் மூச்சு வாங்கினால், எண்ணைப் பார்க்காமல் ஸ்டான்லிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

கேள்வி: பள்ளியில் ஒரு பயிற்சியாளர் வந்து பிள்ளைகள் முன்னால் ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய் வைத்து, காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்றாராம். என் மகன் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் முன்னேறுவது கடினம் என்று கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அவர் சொன்னது அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை அது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்களின் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்தவர்களின் பிள்ளைகள். காத்திருந்தவர்கள் பிறகு படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று எழுதினார்கள். அது உலகமெங்கும் பரவிவிட்டது.

2018இல் டைலர் வாட்ஸும் அவர் குழுவினரும் பல தரப்புக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பழைய ஆய்வு சொன்ன தொடர்பில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பகாலத் திறனையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. அதே குழந்தைகள் 26 வயதை எட்டியபோது எப்படி இருந்தார்கள் என்று 2024இல் ஓர் ஆய்வு வந்தது. மிட்டாய்க்கு முன்னால் காத்திருந்த நேரத்தை வைத்து அதை நம்பகமாகக் கணிக்க முடியவில்லை.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. மிட்டாயை வைப்பதற்கு முன், பாதிக் குழந்தைகளிடம் படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மற்றப் பாதியிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் முழு 15 நிமிடம் காத்திருந்தது. ஏமாறாத 14 பேரில் ஒன்பது குழந்தைகள் காத்திருந்தன. சொன்னபடி தருவார்களா என்று குழந்தை எடைபோடுகிறது. தண்ணீர் லாரி வந்த உடனே குடத்தோடு ஓடுகிறவருக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

பையனின் பெயரைப் பலர் முன்னிலையில் கெடுத்ததற்கு அந்தப் பயிற்சியாளரிடம் நீங்கள் விளக்கம் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாகக் கேட்பது நல்லது.

கேள்வி: பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யார் வேண்டுமானாலும் கேரம் சாம்பியன் ஆகலாமா?
– கேரம் மன்றப் பயிற்சியாளர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற பிறகு இப்படிப்பட்ட கேள்வி நிறைய வருகிறது. 2014இல் மக்னமாரா குழுவினர் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செஸ் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் உள்ள திறன் வேறுபாட்டில் 26 சதவீதத்தைப் பயிற்சி விளக்குகிறது. உடல் விளையாட்டுகளில் 18 சதவீதம்தான். மீதிக்குப் பயிற்சி தொடங்கிய வயது, இயல்பான திறன் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பயிற்சி இல்லாமல் ஒருவரும் மேலே வருவதில்லை. பத்தாயிரம் என்ற எண்ணுக்கு மட்டும் தனி மந்திர சக்தி கிடையாது. மணிக்கணக்கை எண்ணுவதை விட்டுவிட்டு, பையன் எந்த வெட்டில் தடுமாறுகிறான் என்று பாருங்கள்.

கேள்வி: காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பொருளுக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்களே, நம் லாரித் தண்ணீர்க் கஷ்டம் தீருமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 2025 வேதியியல் நோபல் பரிசு கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது. உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிமச் சேர்மங்களை அவற்றை இணைக்கும் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய படிகங்களுக்காகத் தந்தார்கள். உள்ளே நிறையக் காலித் துளைகள்; ஒரே கிராமின் உட்பரப்பு ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் வரும். அந்தத் துளைகளில் வாயுக்களைப் பிடித்துவைக்கலாம், கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கலாம், நீராவியையும் பிடிக்கலாம். யாகியின் குழு அரிசோனா பாலைவனத்தில் இரவில் நீராவியை உறிஞ்சவிட்டு, பகல் வெயிலில் தண்ணீராக இறக்கிக் காட்டியது.

பாலைவனம் என்பதைக் கவனியுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிய காற்றிலும் தண்ணீர் பிடிப்பதுதான் இந்தப் பொருளின் பெருமை. தண்டையார்பேட்டைக் காற்றுக்கு அந்த வித்தை எதற்கு? இங்கே ஏசி குழாயின் கீழே ஒரு வாளி வைத்தாலே நிறைகிறது. வீடு துடைக்க அது போதும்.

நமக்கு இடிப்பது மின்சாரக் கணக்கு. காற்றைக் குளிர்வித்துத் தண்ணீர் எடுக்கும் எந்திரங்களுக்கு லிட்டருக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை செலவாகும். ஆயிரம் லிட்டருக்கு 250 யூனிட்டுக்குக் குறையாது. கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்க, அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தருவதற்காகக் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலை அந்த வகைதான். கடல் பக்கத்தில் இருக்கும்போது காற்றைப் பிழிவது வீண் செலவு. குடிக்கப் பத்து இருபது லிட்டர் வேண்டும் என்பவருக்கு அந்த எந்திரம் பொருந்தலாம். தெருவுக்கே தண்ணீர் கொடுக்க அது உதவாது. குழாய்க் கசிவை அடைப்பதற்கு நோபல் பரிசு கிடையாது என்பதுதான் நம் துரதிர்ஷ்டம்.

கேள்வி: 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்தபோது முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு ஓடினோம். எல்லா வாயுவுக்கும் இது உதவுமா? 'பசுமை அம்மோனியா' வருகிறது என்கிறார்களே, அது கசிந்தால் ஆபத்து இல்லையா?
– வாசகி, எண்ணூர்

பதில்: அந்த டிசம்பர் 26 நள்ளிரவில் செய்தது சரியான செயல். அம்மோனியா தண்ணீரில் கரைவதுபோல் கரையும் வாயுக்கள் மிகக் குறைவு. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டர் அம்மோனியாவை விழுங்கிவிடும். அதனால்தான் ஈரத்துணி கொஞ்சம் தடுக்கிறது. அதே காரணத்தால்தான் நம் கண்ணீரிலும் தொண்டை ஈரத்திலும் கரைந்து எரிக்கிறது. துணி நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியேற வேண்டும். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் குளிரூட்டிச் சேமித்த திரவம் −33 டிகிரியில் கொதிக்கிறது. குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழ்ந்துதான் வரும். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அநேகமாகக் கரையாது, வாசனையும் கிடையாது. அதற்கு ஈரத்துணி ஒரு பயனும் தராது.

பசுமை என்பது தயாரிக்கும் முறைக்கு வைத்த பெயர். இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, 400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் நைட்ரஜனோடு சேர்க்கிறார்கள். ஹேபரும் போஷும் நூறாண்டுக்கு முன் உருவாக்கிய முறை. ஹைட்ரஜனை வெயில், காற்று மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து எடுத்தால் அது பசுமை. வெளியே வரும் மூலக்கூறு அதேதான், நெடியும் அதேதான். எனவே புதிய ஆலை வந்தால் அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் பழையவை: குழாயை எப்போது சோதித்தீர்கள், அபாயச் சங்கு எங்கே, ஊருக்கு யார் சொல்வார்கள்?

அந்தப் பெரிய சூடே இல்லாமல் மின்சாரத்தால் நேரடியாக அம்மோனியா செய்யும் ஆய்வுகளும் நிறைய வருகின்றன. அதில் ஒரு வேடிக்கை. சில ஆய்வுக்கூடங்கள் 'செய்த' அம்மோனியா காற்றிலிருந்தும், கருவியின் சவ்விலிருந்தும், ஆய்வாளரின் மூச்சிலிருந்துமே வந்திருக்கலாம் என்று 2019இல் நேச்சர் இதழில் ஒரு குழு எழுதியது. எடை கூடிய நைட்ரஜனை (ஐசோடோப்பை) உள்ளே விட்டு, அது அம்மோனியாவில் வருகிறதா என்று சோதிக்காத எந்த அறிவிப்பையும் நம்பாதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: கால் சென்டரில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. செயற்கை நுண்ணறிவு வந்து வேலையைப் பறித்துவிடுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் தொழிலையே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிரின்யால்ஃப்ஸன், லீ, ரேமண்ட் ஆகிய மூவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள்; பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். என்ன பதில் எழுதலாம் என்று திரையில் யோசனை சொல்லும் மென்பொருள் வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் புகார்கள் சராசரியாக 15 சதவீதம் கூடின. அதிகம் பலன் அடைந்தவர்கள் உங்களைப் போன்ற புதியவர்கள். பழுத்த ஊழியர்களுக்கு வேகம் சிறிது கூடி, தரம் சிறிது குறைந்தது.

நல்ல செய்திதான், ஆனால் அவர்கள் அளந்தது வேலையில் இருப்பவர்களின் வேகத்தை. வேகம் கூடிய பிறகு நிறுவனம் எத்தனை பேரை வைத்துக்கொள்ளும் என்பதற்கு அதில் விடை இல்லை. இன்னொன்று என்னை உறுத்துகிறது. அந்த மென்பொருள் பாடம் படித்தது திறமையான ஊழியர்களின் பழைய உரையாடல்களிலிருந்து. தங்கள் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர்களுக்கு அதற்கெனத் தனிக் கூலி என்ன? உங்கள் அலுவலகத்தில் உரையாடல்களைப் பதிவு செய்கிறார்கள் என்றால் இதை இப்போதே கேட்டு வைக்கலாம். இந்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்யவேண்டியது, மென்பொருள் திணறும் வகைப் புகார்கள் எவை என்று குறித்துவைத்து அவற்றில் கைதேர்வது.

கேள்வி: டீயைக் காகிதக் கோப்பையில் குடிக்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், திருவொற்றியூர்

பதில்: அந்தக் காகிதத்தின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான நீரை 15 நிமிடம் ஊற்றி வைத்தால் 100 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 நுண்துகள்கள் இறங்குகின்றன என்று ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். நீங்கள் 15 நிமிடம் ஆற வைத்துக் குடிப்பவர் இல்லை என்று நினைக்கிறேன். அந்தத் துகள்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் ஒன்று. கண்ணாடி டம்ளரில் கேளுங்கள் ஐயா; டம்ளர் கழுவும் வாளித் தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.