சர்க்கரையில் கை வைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், குளுக்கோஸில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுவது ஏன் இவ்வளவு பாடாக இருக்கிறது?

பதில்: அதில் ஐந்து ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருக்கின்றன, ஐந்தும் ஏறக்குறைய ஒரே குணம். வினைபொருளை நேராகச் சேர்த்தால் கலவைதான் கிடைக்கும், அப்புறம் குரோமட்டோகிராபியில் பிரித்துப் பிரித்தே பொழுது போய்விடும். அதனால் வேண்டாத இடங்களை முதலில் மூடிவிடுகிறோம். எனக்குப் பிடித்த வழி அசிட்டோன். அமில வினையூக்கியோடு குளுக்கோஸையும் அசிட்டோனையும் கலக்கினால் கார்பன் எண்படி 1,2-ஆம் இடங்கள் ஒரு ஜோடி, 5,6 இன்னொரு ஜோடி என்று பூட்டிக்கொள்ளும். ஆறு உறுப்பு வளையம் ஐந்தாகச் சுருங்கும். திறந்திருப்பது 3-ஆம் இடம் மட்டுமே. அதை ஆக்சிஜனேற்றி, மறுபடி ஒடுக்கி, அமிலத்தால் பூட்டுகளைக் கழற்றினால் கையில் இருப்பது அல்லோஸ், அதாவது 3-ஆம் இடம் மட்டும் தலைகீழான குளுக்கோஸ்.

கேள்வி: அசிட்டைலா, பென்சைலா? எதைப் போட்டு மூடுவது?

பதில்: போடும்போதே கழற்றுவதை யோசியுங்கள். அசிட்டைல் காரம் பட்டால் போய்விடும். பென்சைல் அமிலம், காரம் இரண்டையும் தாங்கும்; பல்லேடியமும் ஹைட்ரஜனும் வேண்டும். இன்னொன்று, குளுக்கோஸின் 2-ஆம் இடத்தில் அசிட்டைல் இருந்தால் அது சும்மா இருக்காது. பக்கத்து 1-ஆம் இடத்தைக் கீழிருந்து மறைத்துக்கொள்ளும், கிளைக்கோசைடு (1-ஆம் இடத்தில் வேறொரு மூலக்கூறு இணைந்த சர்க்கரை) பெரும்பாலும் பீட்டாவாகவே, அதாவது இணைப்பு மேல்பக்கமாகவே வரும். கீழ்ப்பக்க இணைப்பான ஆல்ஃபா வேண்டுமென்றால் அங்கே பென்சைல் போடுங்கள்.

கேள்வி: சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சர்க்கரையிலிருந்து செய்தது என்கிறார்கள். அப்படியானால் அதுவும் சர்க்கரைதானே?

பதில்: தொடக்கம் சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரைதான்; குளுக்கோஸ் பாதி, ஃப்ரக்டோஸ் பாதி. அதன் எட்டு ஹைட்ராக்சிலில் மூன்றை எடுத்துவிட்டுக் குளோரின் வைக்கிறார்கள். முந்திக்கொண்டு வினைபுரியும் 6-ஆம் இடத்தை முதலில் எஸ்டராக்கி மூடுவதுதான் சூட்சுமம். 4-ஆம் இடத்தில் குளோரின் பின்பக்கமாக நுழைவதால் குளுக்கோஸ் பாதி கேலக்டோஸ் வடிவத்துக்குத் திரும்பிவிடும். இனிப்பு சர்க்கரையைப் போல சுமார் 600 மடங்கு. 1976-இல் லண்டனில், ‘சோதித்துப் பார்’ (test) என்று சொன்னதை ஆய்வாளர் சஷிகாந்த் பட்னிஸ் ‘சுவைத்துப் பார்’ (taste) என்று காதில் வாங்கிக்கொண்டதால் இது தெரியவந்தது என்பார்கள். நீங்கள் ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்காதீர்கள்!

கேள்வி: சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலுக்கும் இத்தனை பூட்டு வேண்டுமா?

பதில்: வேண்டாம். குளுக்கோஸ் கரைசல், நிக்கல் வினையூக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜன். ஆல்டிஹைடு மட்டும் ஆல்கஹாலாகும்.

கேள்வி: பெட் ஸ்கேனுக்குப் போடும் ஃப்ளோரின் குளுக்கோஸை ஏன் மேனோஸிலிருந்து செய்கிறார்கள்?

பதில்: ஃப்ளோரைடும் பின்பக்கமாகத்தான் தாக்கும், தாக்கிய இடம் தலைகீழாகும். மேனோஸும் குளுக்கோஸும் 2-ஆம் இடத்தில் மட்டுமே வேறு. ஆகவே அங்கே எளிதில் கழன்று இடம்விடும் ட்ரைஃப்லேட்டும் மற்ற நான்கில் அசிட்டைலும் வைத்த மேனோஸில் ஃப்ளோரைடை விட்டால் சரியாகக் குளுக்கோஸ் வடிவம் வரும். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். அசிட்டைலைக் கழற்றுவது வரை எல்லாம் மளமளவென்று முடிய வேண்டும்.