ஆர்கானிக் திறந்தவெளிப் பண்ணையில் பிராய்லர் குஞ்சையே விடலாமா, மெதுவாக வளரும் இனம்தான் வேண்டுமா?

பிராய்லர் வேண்டாம். எடை வரும் நாளைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். 35–40 நாளில் 2 கிலோவைத் தாண்டுவது யாருக்கும் ஆசை காட்டும். ஆனால் ஐரோப்பிய ஆர்கானிக் விதிப்படி மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 81 நாள் வளர்த்திருக்க வேண்டும். பிராய்லரை அத்தனை நாள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

என் கூட்டாளி பிடிவாதமாக ஒரு கொட்டகையில் பிராய்லர் விட்டார். பக்கத்துக் கொட்டகையில் மெதுவாக வளரும் சிவப்புக் கோழிகளை நான் வளர்த்தேன். ஒரே தீவனம், ஒரே நிலம். காலையில் கதவைத் திறந்ததும் சிவப்புக் கோழிகள் வேலியோரப் புதர் வரை ஓடிப்போய்ச் சருகைக் கிளறும். பிராய்லர் தீவனத் தட்டை விட்டு நகராது. எழுப்பி விட்டால் இறக்கையை ஊன்றி நாலு அடி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும். தூக்கிப் பார்த்தால் நெஞ்சில் இறகில்லாமல் சிவந்த தோல், உள்ளங்காலில் கறுத்துப்போன புண். முதல் நாள் நன்றாகத் தின்றது மறுநாள் மல்லாந்து செத்துக் கிடக்கும்.

பிராய்லர் வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பறவையைக் குறை சொல்லவில்லை. கணக்கான தீவனம் கொடுத்து சீக்கிரம் பிடிப்பதற்கென்றே உருவாக்கிய இனம் அது. ஐரோப்பிய ஆர்கானிக் தீவனத்தில் செயற்கை மெத்தியோனைன் (உடம்பு வளரத் தேவையான ஓர் அமினோ அமிலம்) சேர்க்க முடியாது. வேகமாக வளரும் உடம்புக்குத்தான் அந்தக் குறை அதிகம் வலிக்கும். மெதுவான இனம் ஒரு கிலோ எடைக்கு அதிகத் தீவனம் தின்னும், நெஞ்சுக்கறியும் குறைவு. மறுக்கவில்லை. அதை விற்பனை விலையில்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், இனம் மட்டும் போதாது. வெட்டவெளியில் பருந்துக்குப் பயந்து எந்தக் கோழியும் கொட்டகையை ஒட்டியே நிற்கும். குஞ்சு வாங்குவதற்கு முன்பே மரமோ புதரோ வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழுக்காக ஆய்வுக்கு வந்தவர் கோழிக்கு 4 சதுர மீட்டர் வெளி இருக்கிறதா என்று நாடா பிடித்து அளந்தார், கதவின் அகலத்தைக் குறித்துக்கொண்டார். எத்தனை கோழி வெளியே வருகிறது என்று கேட்கவில்லை. ஒரு கோழியின் காலைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு கொட்டகைக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.