தாத்தா சேர்த்த படங்களை ஊருக்கு இலவசமாகக் காட்டலாமா?

கேள்வி: எங்களுக்குக் குடியாத்தம். லுங்கி வியாபாரம் பார்த்த தாத்தா ஐம்பது வருஷமாகச் சேர்த்த படங்கள் வீட்டில் இருக்கின்றன. தஞ்சாவூர் ஓவியம் 14, கண்ணாடி ஓவியம் 9, ஜரிகை ஒட்டிய ரவிவர்மா அச்சுப்படங்கள் முப்பதுக்கு மேல், சில கரிகிரி ஊர் மண் ஜாடிகள், இரண்டு வெண்கலச் சிலைகள், ஓவியர் சந்தானராஜ் கையெழுத்திட்ட ஒரு கோட்டோவியம். கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழாவுக்கு ஊர் கூடும்போது எல்லாவற்றையும் இலவசமாகக் காட்சிக்கு வைக்க ஆசை. அண்ணனோ, "டிக்கெட் போடு, இல்லாட்டி மதிப்பு இருக்காது. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா பிடுங்கிக்குவாங்க" என்கிறார். என்ன செய்வது?

பதில்: நல்ல ஆசை. தேதிதான் தப்பு. 'எல்லாவற்றையும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் தப்பு.

கெங்கையம்மன் சிரசு வைகாசி முதல் தேதி. நம் பக்கத்து மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்கு அடியில் பலாப்பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கும் மேலே சுண்ணாம்புப் பசையால் புடைத்து நிற்கும் மக் வேலையும் தங்க ரேக்கும். வெயிலில் பலகை சுருங்கும், ஈரத்தில் ஊதும். சுண்ணாம்புக்கு அந்த நெளிவு கிடையாது, விரிசல் விட்டு எழும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆகாது. பொங்கல் முடிந்து மாசி கடைசி வரை உள்ள நாட்கள்தான் வேலூர்ப் பக்கத்துக்குச் சரியான காலம். அதில் ஒரு பத்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். நீளம், அகலம், எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எங்கெங்கே பழுது. முன்னும் பின்னுமாக இரண்டு போட்டோ. பழைய ரசீது, கடிதம் எது கிடைத்தாலும் அதே பக்கத்தில் செருகி வையுங்கள். தாத்தாவின் கணக்குப் புத்தகத்தில் 'மைசூர் படம் 1, ரூ. 12' என்று ஒரு வரி இருந்தால்கூட அது சாட்சிதான்.

அண்ணனின் பயத்துக்கு வருவோம். 1972இல் இயற்றி 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, நூறு வருஷம் கடந்த கலைப்பொருள் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம் போதும். அப்படிப்பட்ட சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி போன்றவற்றைப் பதிவு அலுவலரிடம் போட்டோக்களோடு பதிய வேண்டும். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை, பதியாமல் வைத்திருப்பதுதான் குற்றம். தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அரசு பொது இடத்தில் பாதுகாக்க வேண்டும் என்று கருதினால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க முடியும். நாலு பேர் வந்து பார்க்கிற பொருளுக்குக் காகிதம் சரியாக இல்லாததுதான் நிஜமான ஆபத்து.

வெண்கலம் இரண்டையும் இந்தக் காட்சியில் வைக்காதீர்கள். எந்தக் கோயிலிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று தெரியாத சிலையை, தாத்தா எவ்வளவு நேர்மையாக வாங்கியிருந்தாலும், கேள்வி துரத்தும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சிலைத் திருட்டு வழக்குகளில் அந்தப் படங்களை வைத்தே பல சிலைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். உங்கள் சிலைகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் நீங்களே முன்வந்து சொல்லிவிடுவதுதான் கௌரவம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரை ஒருமுறை நேரில் பார்த்து, நோட்டைக் காட்டி யோசனை கேளுங்கள்.

இடம்? கோட்டை வளாகம் அழகுதான், ஆனால் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதிக்கு அலைய வேண்டும். கல்யாண மண்டபம் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடமே போதும் என்பேன். தாத்தா மாட்டிய சுவரிலேயே பார்ப்பதில் ஒரு ருசி உண்டு.

இனி வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே சூடு பட்டவன். வருஷங்களுக்கு முன் ஆற்காட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் காட்சி வைத்தோம். கண்ணாடி ஓவியம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஓர் அடி தள்ளி ஹாலோஜன் விளக்கைப் போட்டார்கள், நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தால் வெண்ணெய்க் கிருஷ்ணனின் தோளில் கண்ணாடி வெறுமையாகத் தெரிகிறது. நீலம் செதில் செதிலாக உதிர்ந்து ஃபிரேமின் அடிக்கட்டையில் கிடக்கிறது. கண்ணாடியின் பின்புறம் வரைகிற படம் அது, சாயம் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, சூடு பட்டால் விட்டுவிடும். இன்றைக்கும் அந்தப் படத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம்.

அச்சுப்படத்துக்குச் சூட்டைவிட ஒளிதான் பகை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். போனிலேயே அதற்குச் செயலி இருக்கிறது, உத்தேசமாகக் காட்டும். காகிதம், பட்டு இவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கிற அளவு 50 லக்ஸ். சீக்கிரம் மங்கும் சாயங்களுக்கு வருஷத்துக்கு 15,000 லக்ஸ்-மணி நேரம் போதும் என்று சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (CIE) 2004இல் வரையறுத்தது. 50 லக்ஸில் தினம் எட்டு மணி நேரம், பத்து நாள் என்றால் 4,000தான். அதே படத்தை 5,000 லக்ஸ் விழும் ஜன்னலோரம் மூன்று மணி நேரம் வைத்தால் ஒரு வருஷத்துப் பங்கும் அன்றைக்கே தீர்ந்தது. போன நிறம் திரும்பி வராது. அதனால்தான் 'எல்லாவற்றையும்' வேண்டாம் என்கிறேன். இந்த வருஷம் பன்னிரண்டு அச்சுப்படம், ஐந்து தஞ்சாவூர், மூன்று கண்ணாடி. அடுத்த தையில் வேறு. ஜாடிகளுக்கு ஒளியால் ஒன்றும் ஆகாது, எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள். குழந்தைகள் கை எட்டாத உயரம் மட்டும் முக்கியம்.

மாட்டும் முன் ஒரு ரவிவர்மா படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பலகையாகப் பழைய கள்ளிப்பெட்டிச் சட்டம் இருந்தால் காகிதத்தில் அதே வரி பழுப்பாக இறங்கியிருக்கும். அமிலமில்லாத அட்டையை இடையில் வைக்கச் சொல்லுங்கள். லட்சுமியின் புடவை ஜரிகை கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நீங்கள் பிரிக்கப் போகாதீர்கள், அது பழுதுபார்ப்பவர் வேலை. சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நாலு கார்க் துண்டு, காற்று போகட்டும், கரையானும் கண்ணில் படும்.

டிக்கெட் வேண்டாம், உண்டியலும் வேண்டாம். தறிக்குப் போகிற அம்மா பத்து ரூபாய்க்காகத் தயங்கி வாசலோடு திரும்பினால் நீங்கள் இதைச் செய்வதில் அர்த்தமில்லை. மதிப்பை டோக்கன் காப்பாற்றும். அரை மணிக்குப் பதினைந்து பேர், வாசலில் பெயரும் ஊரும் எழுதும் நோட்டு. காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் மற்றவர்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். பாலகிருஷ்ணன் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தொட்டுக் கும்பிட்டு, நெற்றிக் குங்குமத்தை அப்படியே படத்தில் வைத்துவிடுவார்கள். திட்டவும் முடியாது. வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு காலண்டர் படத்துக்குப் பூப்போட்டு, குங்குமச் சிமிழும் வைத்துவிடுங்கள். பக்தி அங்கேயே இறங்கிவிடும். உள்ளே படத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு பெஞ்ச். "இது எவ்வளவு போகும்?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகருங்கள். விலை வெளியே போனால் திருடனுக்கும் போகும்.

அழைப்பிதழில் சந்தானராஜின் கோட்டோவியத்தை அச்சிட நினைத்தால் பொறுங்கள். திருவண்ணாமலையில் பிறந்தவர், நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர் என்ற பெருமை சரி. காகிதம் உங்களுடையது, பதிப்புரிமை அப்படியல்ல. ஓவியர் மறைந்து 60 வருஷம் அது நீடிக்கும். அவர் மறைந்தது 2009இல், அதனால் 2069 முடியும் வரை அவர் வாரிசுகளைக் கேட்க வேண்டும். 1906இல் மறைந்த ரவிவர்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர் படத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.

டிரஸ்ட், வரிச்சலுகை எல்லாம் மூன்று வருஷம் நடத்திப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

கடைசி நாள் படங்களை இறக்கும்போது செய்தித்தாளிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றாதீர்கள். கஞ்சி போடாமல் துவைத்த பழைய பருத்தி வேட்டி போதும். ஒவ்வொன்றின் முதுகிலும் டார்ச் அடித்துப் பார்த்து, புதிதாக ஏதாவது பழுது தெரிந்தால் நோட்டில் அந்தப் பக்கத்திலேயே தேதியோடு குறித்துவிட்டு, பங்குனி வெயில் ஏறும் முன் உள்ளறைக்குள் வைத்துவிடுங்கள்.