வகுப்புக்குப் போகாமல் அரச போட்டிப் பரீட்சை எழுதலாமா?

தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு, கண்டிக்கோ கொழும்புக்கோ வகுப்புக்குப் போகாமல் அரச வேலைக்கோ சட்டக் கல்லூரிக்கோ பரீட்சை எழுதிச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஹட்டன் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் இருந்துதான் நான் அரச அலுவலக எழுத்து வேலைக்கான முகாமைத்துவ சேவைப் பரீட்சை எழுதினேன். இரண்டாவது தடவைதான் கிடைத்தது. முதல் தடவை ஃபெயில் இல்லை, எழுதவே இல்லை. அனுமதி அட்டை தோட்ட ஆபீசில் கிடந்தது. எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. டிவிஷன் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் கட்டாக ஆபீசுக்குப் போகும். அப்பா சம்பளம் எடுக்கப் போன அன்றுதான் கையில் கொடுத்தார்கள். பரீட்சை முடிந்து ஆறு நாள்.

அதனால் முதலில் கடதாசி வேலையைச் சொல்கிறேன். பரீட்சை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியை (அரசிதழ்) அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே பார்க்கலாம். அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசியுங்கள். விண்ணப்பத்தைப் பிரதி எடுத்து, பதிவுத் தபால் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். அனுமதி அட்டைகளை அனுப்பியதும் பரீட்சைத் திணைக்களம் பத்திரிகையில் அறிவிக்கும். அதற்குப் பிறகும் அட்டை வராவிட்டால், கேட்பதற்கு அந்த இரண்டும் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் அறிவித்தலிலேயே இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. அடுத்த முறை டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைப் போட்டேன். இப்போது பல பரீட்சைகளுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்பதால் இந்தத் தலைவலி குறைவு. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். நம்மாட்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கும்.

அப்புறம் படிப்பு. பொது அறிவுக்குத் தினமும் பத்திரிகை போதும். நுண்ணறிவுத் தாள் (ஐகியூ) தான் ஆளைச் சாய்க்கும், அறிவு போதாமல் இல்லை, நேரம் போதாமல். கனசதுரத்தை விரித்துக் காட்டி எதிர்ப்பக்கம் எது என்று கேட்பார்கள். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. சவர்க்காரப் பெட்டி அட்டையை வெட்டி, புள்ளி வைத்து, மடித்து மடித்துப் பார்த்தேன். ஒரு கிழமையில் அட்டை தேவைப்படவில்லை. பிறகு பழைய வினாத்தாள்களை ஃபோனில் அலாரம் வைத்துச் செய்தேன். அம்மா விடிய எழும்பி மலைக்கு வேலைக்குப் போகிறவர், பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிடுவார். அதற்குள் ஒரு தாள் முடிய வேண்டும். வகுப்புக்குப் போயிருந்தாலும் இவ்வளவு கண்டிப்பு கிடைத்திருக்காது.

சட்டக் கல்லூரி நுழைவுக்கும் மொழி, பொது அறிவு, நுண்ணறிவுதான். முன்பே சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. உள்ளே போனால் எல்லாம் ஆங்கிலம்தான் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அங்கே பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்த 2020 கடைசியில் வந்த வர்த்தமானியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்துவிட்டது. அதற்காக ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், தீர்ப்புகளை வாசிக்க அது வேண்டும்.

அரச வேலை கிடைத்தால் சிங்களத் தேர்ச்சியும் காட்ட வேண்டும். டவுன் கடையில் பேசும் சிங்களம் அதற்குக் காணாது, எழுதத் தெரிய வேண்டும். நான் அதை இப்போதுதான் மாமா மகனின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் பழகுகிறேன்.