கை வைக்கும் முன் டாக்டர் பார்த்தாரா?

காரைக்குடிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீவுதல், வர்மம், பிசியோதெரபி என்று மாட்டுக்கும் நாய்க்கும் செய்வதற்கு யார் அனுமதி வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, ஆரம்பிப்போம்.

சிறாவயல் பக்கத்திலிருந்து: மஞ்சுவிரட்டுக் காளை பின்னங்காலை இழுக்கிறது. எண்ணெய் போட்டு நீவுகிறவரைக் கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள் தம்பி, டாக்டர் பார்த்த பிறகு. மழைக்காலத்தில் இளம் மாட்டுக்குத் தொடை வீங்கி நொண்டும். எல்லோரும் சுளுக்கு என்பார்கள். வீக்கத்தை அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று இருந்தால் அது சப்பை நோய். மண்ணில் கிடக்கும் கிருமி தசைக்குள் புகுந்து காற்றை உண்டாக்குகிறது. ஒன்றிரண்டு நாளில் மாடு போய்விடும். ஆரம்பத்திலேயே பென்சிலின் போட்டால்தான் பிழைக்க வழி. நீவிக்கொண்டிருந்தால் அந்த நேரமும் போச்சு. உங்கள் காளைக்கு வெறும் சுளுக்காகவே இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் டாக்டர். வண்டியில் ஏற்ற முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேத்தி இங்கிலாந்தில் நாய்க்குப் பிசியோதெரபி படிக்கிறாள். இங்கே வந்து செய்யலாமா?

அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்தியம் கால்நடை மருத்துவர் வேலை. 2015ஆம் ஆண்டு ஆணை பிசியோதெரபிக்கு விலக்கு தருகிறது. ஆனால் மருத்துவர் விலங்கை நேரில் பரிசோதித்து, அவர் சொற்படி செய்ய வேண்டும். அக்குபஞ்சர் அங்கே கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யலாம். இங்கே 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், 30ஆம் பிரிவு: பதிவு பெற்றவர்தான் வைத்தியம் செய்யலாம். அரசு அனுமதித்த பயிற்சி பெற்றவர்கள் தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு போன்ற சில்லறை வேலைகளைச் செய்யலாம், அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். பிசியோதெரபி பற்றித் தனியாக அதில் எதுவும் சொல்லவில்லை. பேத்தி ஒரு டாக்டரோடு சேர்ந்து, அவர் பார்த்து எழுதித் தரும் நாய்க்குச் செய்யட்டும் ஆச்சி.

தேவகோட்டை: ஆன்லைனில் மசாஜ் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். தனியாகச் செய்யலாமா?

இது ஐந்தாவது ஆள். மேலே ஆச்சிக்குச் சொன்னதுதான்.

பள்ளத்தூர்: மடிநோய்க்குக் கற்றாழை?

250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்துத் தடவுவதைத் தேசிய பால்வள வாரியமே சொல்கிறது. காய்ச்சல் இருந்தால் முதலில் டாக்டர்.

திருப்பத்தூர்: எங்க ஐயா சூடு போட்டே நொண்டியைத் தீர்த்தார். எந்த டாக்டரைக் கேட்டார்?

அண்ணே, சூடு போட்ட மாட்டை எத்தனை நாள் ஏரில் பூட்டாமல் வைத்திருந்தார்?

மறுபடி அவரே: பத்து நாள்.

சுளுக்கு பத்து நாள் ஓய்வில் தானே ஆறும். காய்ச்சிய இரும்பு புண்ணைத்தான் சேர்த்துக் கொடுத்தது. சப்பை நோய் வந்த மாட்டுக்கும் ஐயா சூடு போட்டிருப்பாரே, அது என்னாச்சு?

அவரே: அது விதி.

நல்லாச் சொன்னீங்க போங்க!

புதுவயல்: சப்பை நோய்க்குத் தடுப்பூசி உண்டா?

உண்டு. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், மழைக்கு முன்னாலேயே.