முதல் பனிச்சறுக்குப் பயணம்: கொலராடோவா, யூட்டாவா?

பனிச்சறுக்கே பழகாத குடும்பம், கையில் நான்கே நாள், அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மாநிலங்களில் எதற்குப் போவது என்கிறீர்கள். தயங்காமல் யூட்டாவுக்குப் போங்கள். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து பார்க் சிட்டி என்ற பனிச்சறுக்கு ஊருக்கு முக்கால் மணி நேரம்தான். கொலராடோவிலோ, டென்வர் விமான நிலையத்திலிருந்து பிரெக்கன்ரிட்ஜ் என்ற பனிச்சறுக்கு ஊருக்கு இரண்டு மணி நேரம். பனி கொட்டும் வார இறுதியில் அதற்குக் கணக்கே கிடையாது.

அதைவிட முக்கியம் உயரம். பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 2,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முதல் இரவு தலை கனக்கும், தூக்கம் பிடிக்காது; காலணிக் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் மூச்சு வாங்கும். பார்க் சிட்டி ஏறத்தாழ 2,100 மீட்டர்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பார்க் சிட்டிக்குப் பக்கத்திலுள்ள ஆல்டா பனிச்சறுக்குத் தளத்தின் பனி மாவுபோல உதிரும். அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது. ஆனால் அங்கே ஸ்னோபோர்டுக்கு, அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவதற்கு, அனுமதி இல்லை. உங்கள் மகன் கேட்பது அதுதான் என்றால் பார்க் சிட்டியிலேயே தங்கிவிடுங்கள். முதல் நாள் பயிற்சி வகுப்புக்கு இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.